என்னத்தத் தொட்டே?

அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு என்ன நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான். தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளுவான். கழுத்தைக்கூடத் திருப்பாமல், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான்:

"அக்கா, என்னத்தத் தொட்டே?"

மவுஸ் நகரவில்லையா, அக்கா. பிரிண்டர் வெள்ளைத் தாளை வெள்ளைத் தாளாகவே துப்புகிறதா, அக்கா. திரையில் எழுத்தெல்லாம் திடீரென்று பூசணிக்காய் மாதிரி பெருத்துவிட்டதா, அக்காவை விட்டால் வேறு யார்? போடும்போதெல்லாம் அந்த இயந்திரம் பல வருஷத்துக்கு முந்தைய தேதியைக் காட்டியது. உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துவிட்டால் அப்படித்தான் காட்டும் என்று பின்னால் வந்த மெக்கானிக் சொன்னார். அவர் சொல்லும்வரை அதுவும் அக்கா செய்த வேலைதான்.

இத்தனைக்கும் அக்கா அதைத் தொட்டதே கிடையாது. துடைக்கக்கூடத் தொட்டதில்லை. ஹாலைப் பெருக்கிக்கொண்டே வந்தால் அந்த மேஜைக்கு ஒரு முழம் முன்னாலேயே துடைப்பம் நின்றுவிடும். அதனால் மேஜைக்கடியில் தூசி பந்து பந்தாகச் சேர்ந்தது. தூசி போய் உள்ளே இருந்த விசிறியை அடைத்தது. இயந்திரம் சூடாகி ஒரு நாள் தானே அணைந்தது. விசிறியைக் கழற்றிப் பார்த்த தம்பி அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டான், "தொடாமலே கெடுக்கிறியே, அது எப்படி?" கேட்டுவிட்டு அவனே சிரித்தான்.

இவன் யாரைச் சொல்வது? "உங்கள் கணினிக்கு ஆபத்து" என்று திரையில் எது மின்னினாலும் ஓடிப்போய் அதை அழுத்துகிறவன் இவன். ஓசியில் கிடைக்கிறது என்றால் எதையும் இறக்கி வைத்துக்கொள்வான். எழுதுவதைப் பாதியில் சேமித்து வைக்கிற பழக்கம் பிறவியிலேயே இல்லை. ஆனால் அவன் பிழைப்பு அப்படி. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. இரண்டு வண்டி மோதிக்கொண்டால் படங்களைப் பார்த்து, தப்பு யார் மேல் என்று முடிவு கட்டி அறிக்கை எழுத வேண்டும். தப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும், ஆள் கிடைத்தால்தான் ஃபைலை மூட முடியும். முக்கால்வாசி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். வீட்டு ஃபைலை மூட அக்கா கைக்கு எட்டின தூரத்தில் இருந்தாள்.

அவன் மனைவியைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். மத்தியானத்துக்கு மேல் அதே கம்ப்யூட்டரில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். டீச்சர் ஒரு நாளும் அக்காவைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தம்பி கேட்கும்போது சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புகளை அக்கா ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தாள்.

அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அதே பிரிவில் ஓய்வு பெற்றவள். அவ்வளவு காலமும் விடுதி வாழ்க்கை. ஓர் அறையில் ஆறு பெண்கள், ஒருத்தி இருமினால் ஆறு பேருக்கும் தூக்கம் போகும். உடை மாற்றுவதானால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். அழுவதானாலும் அப்படியே. தம்பி வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் ஒரு சின்ன அறையைக் காட்டி, "இது உனக்குக்கா" என்றான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். ஆனால் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. முதல் நாள் அவள் அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். வாழ்க்கையில் அவளுக்கென்று கிடைத்த முதல் தாழ்ப்பாள் அது. அதற்காகத் தம்பியின் கேள்வியையும் டீச்சரின் சிரிப்பையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

தாழ்ப்பாளைத் தவிர அவளிடம் இருந்த இன்னொரு சொத்து இஸ்திரிப்பெட்டி. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்தது. வீட்டில் எல்லோரும் வைத்திருக்கிற பஞ்சு மாதிரியான பெட்டி இல்லை. தூக்கினால் தோள் இறங்கும். கரண்டை அப்படிக் குடிக்கும்.

டீச்சரின் தங்கை குடும்பத்தோடு வந்து தங்கியபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது.

விருந்தாளிகளுக்கு அக்காவின் அறையைக் கொடுத்தார்கள். அக்கா ஹாலில் படுத்தாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை, விருந்தாளி என்றால் அப்படித்தான். அவர்கள் துணிகளையும் அவளே தேய்த்துக் கொடுத்தாள். வழக்கமாகத் தன் அறையில் தேய்ப்பவள் அன்றைக்கு ஹாலில் சாப்பாட்டு மேஜையின் மேல் போர்வையை விரித்துக்கொண்டாள். துணியை எடுக்கப் போனபோது அறைக்குள் டீச்சர் தங்கையிடம் பேசுவது காதில் விழுந்தது.

"இந்த ரூமை ஆஃபீஸ் ரூமா மாத்திடலாம்னு இருக்கோம். அண்ணிக்கு எதுக்குத் தனி ரூம்? ஹால்ல ஒரு கட்டிலைப் போட்டா டிவி பாத்துட்டுக் கிடக்கப் போறாங்க."

அக்கா சத்தம் காட்டாமல் கதவருகே கிடந்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். தம்பி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, டீச்சரின் தங்கை புருஷனுக்கு ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தான். அந்த ஹாலில் உருப்படியான பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கியது. கம்ப்யூட்டர், திரை, இணையத்துக்கான ரௌட்டர் என்று எல்லாம் அதில்தான் ஈ மாதிரி மொய்த்தன. ஒரு துளை காலியாக இருந்தது. அக்கா அதில் இஸ்திரிப்பெட்டியைச் செருகி சுவிட்சைப் போட்டாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் திரை 'டப்' என்று கறுத்தது.

"அக்கா, என்னத்தத் தொட்டே?"

"நான் துணிதானே தேய்ச்சுட்டிருக்கேன்."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் போட்டான். பெட்டி காய்ந்து விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்து, பழைய தேதியைக் காட்டி, படத்தைத் திறந்தது. பெட்டி கொஞ்சம் ஆறியது. விளக்கு மறுபடி சிவந்தது. திரை மறுபடி கறுத்தது.

அக்கா பெட்டியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தாள். ஒரே லைனில் இரண்டு பெட்டியைப் போட்டால் தலைக்கு மேல் விளக்கு மங்குவதைக் காலமெல்லாம் பார்த்தவள் அவள். பாக்ஸ் தளர்ந்து கிடக்கிறது, பெட்டி இழுக்கிற இழுப்பை அதனால் தாங்க முடியவில்லை. 'தம்பி, இந்த பாக்ஸை மாத்துடா' என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டாள்.

அதற்குள் தம்பி விருந்தாளியிடம் திரும்பினான். "பாத்தீங்களா? அக்கா அந்த மூலையில நின்னா இந்த மூலையில மெஷின் படுத்துக்கும். அப்படி ஒரு ராசி எங்க அக்காவுக்கு!"

விருந்தாளி சிரித்தான். அறையிலிருந்து வெளியே வந்த தங்கை சிரித்தாள். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்த வாக்கியம் திரும்பி உள்ளே போயிற்று. தம்பி மட்டும் அந்த ஒரு நிமிஷம் நாக்கை அடக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இருக்கட்டும் என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தொட்டேன் தொட்டேன் என்கிறாயே, இனிமேல்தான் தொடப் போகிறேன்.

விருந்தாளிகள் போனார்கள். அறை திரும்பக் கிடைத்தது. ஆனால் அக்கா தன் அறையில் தேய்ப்பதை விட்டுவிட்டாள். "உள்ளே வெளிச்சம் பத்தல" என்று சொல்லி ஹாலிலேயே போர்வையை விரித்தாள்.

எடுத்த எடுப்பில் அவள் கண்டபடி ஆடவில்லை. தம்பியின் முதுகைப் படித்தாள். அறிக்கை எழுத ஆரம்பிக்கும்போது தோள் குனிந்திருக்கும். பாதியில் கால் ஆடும். முடியப் போகிற நேரத்தில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரலைச் சொடுக்குவான். அந்தச் சொடுக்குச் சத்தத்துக்காக அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். சொடுக்கு கேட்டதும் சுவிட்ச். சேமித்து வைக்காத அறிக்கை முழுக்கப் போய்ச் சேரும். தம்பி தலையில் கை வைத்துக்கொள்வான். அக்கா ஒரு தலையணை உறையை நீவி நீவித் தேய்ப்பாள்.

டீச்சருக்கு வேறு நேரம். பாடத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து, "இப்ப எல்லாரும் டீச்சரைப் பாருங்க, இதுதான் முக்கியம்" என்பாள். பிள்ளைகள் பார்க்கிறபோது டீச்சர் இருக்க மாட்டாள்.

கேள்வி மட்டும் நிற்கவில்லை. "அக்கா, என்னத்தத் தொட்டே?" முன்பெல்லாம் அது காதில் விழுந்தால் வயிறு எரியும். இப்போது காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது. "ஒண்ணும் தொடலையேடா" என்று முன்னைவிடப் பணிவாகச் சொன்னாள். அந்த வீட்டில் துணிகள் அதுபோல ஒரு காலத்தைக் கண்டதில்லை. திரைச்சீலைக்கு மடிப்பு விழுந்தது. துண்டுக்கு மடிப்பு விழுந்தது. அடுப்படியில் பாத்திரம் இறக்குகிற கரித்துணிகூடக் கத்தி மாதிரி மடிப்போடு கிடந்தது. அதைப் பார்த்தாவது இரண்டு பேரில் ஒருத்தருக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

தம்பி தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். அணைத்துப் போட்டான், வயரைப் பிடுங்கிச் செருகினான், வைரஸ் தேடினான். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். அதோடு டீச்சர் சேர்த்து வைத்திருந்த பாடங்களும் அழிந்தன. அன்றைக்கு இரண்டு பேருக்கும் நல்ல சண்டை. சண்டை முடிகிற நேரத்தில் அக்கா நிதானமாக ஒரு போர்வையைத் தேய்க்க எடுத்தாள். புதிதாக ஏற்றியதும் 'டப்' என்றது.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

மெக்கானிக் அதிகம் பேசாத மனிதர். பையைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் மாதிரி, "எப்ப இருந்து சார்?" என்று மட்டும் கேட்டார். மூடியைத் திறந்து தூசியை ஊதினார். செத்த பேட்டரியை மாற்றினார், தேதி சரியாயிற்று. நினைவகப் பட்டையைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினார். போட்டார். கன்றுக்குட்டி மாதிரி சாதுவாக ஓடியது. எப்படி ஓடாமல் போகும்? அக்கா அடுப்படியில் அவருக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் தெருமுனை தாண்டியிருப்பார். அக்கா ஒரு கைக்குட்டையை எடுத்தாள். 'டப்'.

மறுபடி வந்தார். மறுபடி ஓடியது. போனார். 'டப்'. இப்படியே நடந்து நடந்து, மெக்கானிக் தம்பியை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்தார். இந்த ஆள் நம்மை வைத்து விளையாடுகிறாரோ என்கிற பார்வை. கடைசித் தடவை வந்தவர் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். லைன்லதான் ஏதோ இருக்கு. ஒரு யூபிஎஸ் வாங்கி வைங்க."

"நம்ம தெருவுல கரண்டே போறதில்லையே. அது எதுக்குத் தண்டமா?"

"அப்ப இடத்தை மாத்துங்க." மெக்கானிக் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். வயர் போகிற தடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பின்பக்கம் விரலைக் காட்டினார். "அந்த ரூம் தனி லைன்ல போகுது. அங்க கொண்டு போங்க."

அக்கா டீ தம்ளரோடு நின்றாள்.

தம்பியும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழம் நழுவித் தானே பாலில் விழுந்த சந்தோஷத்தை அவர்களால் மறைக்கக்கூட முடியவில்லை. "நாங்களே யோசிச்சிட்டுத்தான் இருந்தோம்" என்றாள் டீச்சர்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அறை தப்பும். பாக்ஸை மாத்துங்க, பெட்டியை வேற இடத்துல போட்டுக்கறேன், அவ்வளவுதான். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பிறகு தம்பி கையைத் தட்டிக்கொண்டு, 'நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் அக்காதான்னு!' என்பான். அவள் விரலே படாத மவுஸ், பிரிண்டர், தூசி அடைத்த விசிறி எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் அவள் கணக்கில் ஏறிவிடும். பொய்யாகச் சுமந்த பழிகள் அத்தனையும் நிஜமாகிவிடும். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மெக்கானிக் கையில் தம்ளரைக் கொடுத்தாள்.

அன்றைக்கே கட்டிலைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டர் உள்ளே போயிற்று. ரௌட்டர் மட்டும் ஹாலிலேயே நின்றது. இணையக் கேபிள் ஹால் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது, அதை நகர்த்த முடியாது என்றார் மெக்கானிக். அக்காவின் தலைமாட்டில், அதே பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அது செருகியபடி நின்றது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். டிவி ஓடியது, வருகிறவர்கள் போகிறவர்கள் அவள் காலைத் தாண்டிப் போனார்கள். உடை மாற்ற வேண்டுமானால் குளியலறைக்குப் போக வேண்டும். பின்பக்கத்து அறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "அப்பாடா! ஒரு நாளா ரெண்டு நாளா? அக்கா கை படாம இருந்தா எப்படி ஓடுது பாரு!"

அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வரவில்லை. விடுதியில் பழகியபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான். சுவரில் ரௌட்டரின் பச்சை விளக்குகள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அவள் கொஞ்ச நேரம் அந்த விளக்குகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து போர்வையை விரித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக, தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிற பிள்ளைகள் மாதிரி சோம்பலாக எரிய ஆரம்பித்தன.

"அக்கா, என்ன..." என்று உள்ளேயிருந்து பாதிக் கத்தல் வந்து நின்றது. தம்பி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். அக்கா ஹாலில் தலையணை உறை தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் வெளியே வந்த பிறகு அவள் அந்த அறைப் பக்கம் கால் வைக்கவே இல்லை. கண் இருக்கிற யாரும் அவளைச் சொல்ல முடியாது. தம்பிக்கு முகம் ஒரு மாதிரி போயிற்று. ஃபைலை மூட ஆள் இல்லை. தலையைத் திருப்பி உள்ளே பார்த்தான். டீச்சர் அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், நீ என்னத்தத் தொட்டே?"

"நானா? நான் ஒண்ணும் தொடலையே."

"தொடாம எப்படி நெட் போகும்?"

ஆகா என்று இருந்தது அக்காவுக்கு. அந்தச் சந்தோஷத்தை மறைக்க இன்னொரு உறையை எடுத்துக்கொண்டாள். சேர்த்து வைத்திருந்த சிரிப்புகளை அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டீச்சர் தண்ணீர் எடுத்து வைத்தாலும் "என்னத்தத் தொட்டே?", ஜன்னலைச் சாத்தினாலும் "என்னத்தத் தொட்டே?" வாரம் போகப் போக டீச்சர் சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு தம்பியிடம் பேசுவதைக் குறைத்தாள். அறைக்குள் போனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தானும் அப்படித்தானே துடைப்பத்தை ஒரு முழம் தள்ளி நிறுத்தினோம் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றினால் என்ன, அவளும் படட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் நெட் போன கையோடு டீச்சர் விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. உள்ளே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தண்ணீர் குடிக்க மேஜைப் பக்கம் வந்தவள் சட்டென்று நின்றாள். போர்வையின் மேல் தரை துடைக்கிற துணி நாலாக மடித்துக் கிடந்தது. அதன் மேல் கை வைத்தாள். சுட்டது.

டீச்சர் துணியைப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். வயர் போகிற வழியே கண் போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நின்றது. அதற்கு மேலே ரௌட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டிருந்தன.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஓடவா முடியும்? கையும் களவுமாக மாட்டியாயிற்று. வரட்டும், வருகிறது வரட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

"எத்தனை நாளா அண்ணி?" டீச்சரின் குரல் கிசுகிசுவென்று வந்தது.

"உன் தங்கச்சி வந்துட்டுப் போனதிலேருந்து."

டீச்சர் யோசித்தாள். அன்றைக்குத் தங்கையிடம் என்ன பேசினோம் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும், பார்வை தரைக்குப் போயிற்று. கத்தப் போகிறாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. பின்பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் ஓர் அடி கிட்டே வந்தாள்.

"நாளைக்குக் காலையில அவருக்கு மேனேஜரோட மீட்டிங். பதவி உயர்வு விஷயம். ஆஃபீஸே உக்காந்து கேக்கப் போகுது." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "என் புடவை நாலஞ்சு கசங்கிக் கிடக்கு அண்ணி. அந்த நேரத்துக்குத் தேய்ச்சுத் தர்றீங்களா?"

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். டீச்சரை அவள் மன்னித்துவிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அப்படியே நினைவில் இருந்தது. ஆனால் புடவை புடவைதான்.

"தேய்ச்சுத் தர்றேன். என் ரூம்?"

"கட்டிலுக்கு நானே ஒரு பக்கம் கை கொடுக்கிறேன்."

மறுநாள் தம்பி குளித்துவிட்டு வந்தான். இடுப்புக்கு மேலே அக்கா தேய்த்துக் கொடுத்த சட்டை, கீழே பழைய அரைக்கால் சட்டை. "யாரும் உள்ள வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது" என்று பொதுவாக ஓர் உத்தரவு போட்டுவிட்டு அறைக்குள் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அவளுடைய தாழ்ப்பாள். அவள் போட்டும் எடுத்தும் பார்த்த தாழ்ப்பாள். ஈவிரக்கம் என்று ஏதாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருந்தால் அதுவும் அந்தச் சத்தத்தோடு போயிற்று.

"வணக்கம் சார், வணக்கம்" என்று தம்பி குழைவது கதவைத் தாண்டிக் கேட்டது. டீச்சர் முதல் புடவையை எடுத்து நீட்டினாள். அக்கா விரித்தாள். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷம் நான் செஞ்சதுல முக்கியமானது என்னன்னா..." என்று ஆரம்பித்தான்.

சுவிட்ச்.

"ஹலோ? ஹலோ சார்? கேக்குதா?"

விளக்குகள் விழிக்கும்வரை காத்திருந்தார்கள். அவன் மன்னிப்புக் கேட்டு, சிரித்து, திரும்ப ஆரம்பித்து, அதே 'முக்கியமானது'க்கு வந்து சேர்ந்தான். இரண்டாவது புடவை. அவன் திரும்ப வந்தான். மூன்றாவது புடவை. நான்காவதுக்கு வேலை வைக்காமல் அவன் கைபேசி அடித்தது.

தாழ்ப்பாள் திறந்தது. தம்பி கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ரௌட்டர் பக்கம் ஓடிவந்தான். ரௌட்டரை எடுத்துப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தான். ஆஃபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுக்காரன் பேசினான். சின்ன வயசுக் குரல், சலித்துப்போன குரல்.

"சார், நீங்க என்னத்தத் தொட்டீங்க?"

டீச்சர் அக்காவைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் தொடலையே" என்றான் தம்பி.

"ஏதாவது மாத்தியிருப்பீங்க சார். நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இல்லப்பா, நிஜமாவே ஒண்ணும் தொடல."

லைனில் மேனேஜரும் இருந்திருக்கிறார். அவர் சிரிப்பு கணீரென்று வந்தது. "தொடாமலே கெடுக்கறீங்களா? அது எப்படிய்யா?" அவர் பின்னால் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

தம்பியின் காது மடல் சிவந்தது. "சத்தியமா சார்... நான்..." என்றான். அந்தக் குரல் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். பணிவாக, மெலிந்து, யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே சொல்கிற குரல். இத்தனை வருஷம் அவள் தொண்டையிலிருந்து வந்த குரல்தான் அது. இனிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இனித்தது. மனசார இனித்தது.

"சிக்னல்தான் பிரச்சனைன்னு நினைக்கிறேன்" என்றான் கம்ப்யூட்டர் பிரிவுக்காரன். "ரௌட்டர் எங்க இருக்கோ, மெஷினை அங்கேயே கொண்டுவந்து வைங்க. தள்ளி வச்சா இப்படித்தான்."

சாயங்காலமே கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. தம்பி வாயைத் திறக்காமல் வயர்களைச் சுருட்டினான். கட்டிலின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை டீச்சரும் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுடைய அறை தனி லைன். இனி அங்கேதான் தேய்ப்பாள். வேண்டும் என்கிறபோது ஹாலுக்கு வர எத்தனை அடி?

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

நாலைந்து நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் தானே மக்கர் பண்ணியது. யாரும் எதையும் தேய்க்கவில்லை. தம்பி ஏதோ ஓசிச் சாமானை இறக்கியிருப்பான். திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் அக்காவின் அறைவரை கேட்டது. அடுப்படியில் டீச்சரின் கரண்டிச் சத்தம் நின்றது. கத்தல் வரவில்லை. அதற்குப் பதில் காலடிச் சத்தம் வந்து கதவுக்கு வெளியே நின்றது. தம்பி கதவைத் தட்டினான். அந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு அவன் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"அக்கா... நீ ஒண்ணும் தொடலதானே?"

அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாளை எடுக்கவில்லை.

"இல்லடா" என்றாள். "இன்னிக்கு ஒண்ணும் தொடல."